மூக்கில்லாத மூன்று வாரம்

காய்ச்சல் போகும்போது மாஸ்டரின் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. வாசனை மட்டும் சுத்தமாக இல்லை. மூன்று வாரமாக அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கு செத்த சமையல்காரனை எந்தக் கடை வைத்துக்கொள்ளும்?

அவர் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடை மதிய நேரத் தக்காளி சூப்புக்குப் பேர்போனது. அதற்குத் தினமும் பேசில் என்கிற சீமைத் துளசி இலை வேண்டும். மோந்து பார்த்து வாங்கிய மனிதர் இப்போது கண்ணை வைத்து ஒப்பேற்றினார். தண்டின் வெட்டு வாய் பழுப்பேறியிருக்கக் கூடாது. இலையில் கறுப்புப் புள்ளி கூடாது. பூ விட்ட கட்டு கசக்கும், வேண்டாம். வாங்கி வந்ததும் தண்டின் நுனியை நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் பூங்கொத்து போல நிறுத்தி வைப்பார். ஃபிரிட்ஜில் வைத்தால் இலை கறுத்துவிடும்.

அன்று வழக்கமான கீரைக்காரர் வரவில்லை. பக்கத்துக் கடையில் கிடைத்த கட்டு பளிச்சென்று இருந்தது. இலை மட்டும் கொஞ்சம் வெளிறி, ஒடுங்கலாக இருந்தது. இளசு போல என்று வாங்கிவிட்டார்.

சூப் கொதித்து அடுப்பை அணைத்த பிறகு இலைகளைக் கையால் கிள்ளிப் போட்டு மூடினார். முன்னாலேயே போட்டால் வாசனை ஓடிவிடும். இப்போது ஓடியதா நின்றதா என்று அவருக்குத்தான் தெரியாது.

பதினொன்றரைக்குக் கடைக்கார அம்மாள் வந்து ஒரு கரண்டி எடுத்தாள். முகம் சுருங்கியது.

“என்ன மாஸ்டர், எலுமிச்சை சோப்பு வாசம் அடிக்குது?”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் பாத்திரம் கழுவுபவளிடம் திரும்பிவிட்டாள். “அண்டாவை அலசின லட்சணம் இதுதானா?”

“மூணு தண்ணி விட்டு அலசினேன்க்கா.”

“போன வாரம் டம்ளர்ல நுரை. அன்னிக்கே சொன்னேன், இன்னொரு தடவைன்னா வேற இடம் பாத்துக்கோன்னு.”

“டம்ளர் என் தப்புதான். இது இல்லை. மாஸ்டர், நீங்க சொல்லுங்க. அண்டாவை மோந்து பாத்துட்டுத்தானே தக்காளியைக் கொட்டினீங்க?”

மாஸ்டர் பேசில் நின்ற டம்ளரைப் பார்த்தார். வெளிறிய, ஒடுங்கிய இலை. விஷயம் புரிந்துவிட்டது. எலுமிச்சை வாசம் அடிக்கும் பேசிலும் உண்டு; எப்போதோ கையில் எடுத்து, மோந்து, திருப்பி வைத்திருக்கிறார். சும்மா இருந்தால் போதும், பழி அவள் தலையில் விழுந்து முடிந்துவிடும். கழுவ வேறு ஆள் வரும். அவர் சும்மாதான் இருந்தார். அண்டா மூடியைத் திறந்தார், மூடினார்.

“மாஸ்டர், வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்றாள் பாத்திரம் கழுவுபவள்.

“சோப்பு இல்லை. அது வேற பேசில். நான்தான் மாத்தி வாங்கிட்டு வந்துட்டேன்.”

“இத்தனை வருஷம் வாங்கின ஆளு, மோந்து பாக்கலையா?” என்றாள் கடைக்கார அம்மாள்.

“மூக்கு வேலை செய்யலை. காய்ச்சல் வந்ததுல இருந்து.”

“மூணு வாரமாவா?” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அதான் உப்பு மட்டும் அவ்வளவு கணக்கா இருக்குதா?”

யாரும் சிரிக்கவில்லை.

“இன்னிலருந்து பேசில் வாங்க இவ போகட்டும். இவ மோந்து சரின்னு சொன்னப்புறம்தான் அண்டா வெளிய போகணும்.”

“மூக்கு திரும்பலைன்னா?”

“அப்போ பேசிக்கலாம். இப்போ மணி பன்னெண்டு ஆகப் போகுது.”

புது பேசில் வாங்கக் கூடையை எடுத்துக்கொண்ட பாத்திரம் கழுவுபவள் வாசலில் நின்றாள். “என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா சிரிச்சிருப்பே.”

“சிரிச்சிருப்பேன். அப்புறம் மோந்து சொல்லியிருப்பேன். இப்ப நீங்க நின்ன நிப்பு இருக்கே, அதை நான் மறக்க மாட்டேன்.”

அவள் போய்விட்டாள். மாஸ்டர் சூப்பைச் சாக்கடையில் கொட்டினார். மிச்சத் தக்காளியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவைக் கழுவ உட்கார்ந்தார். நான்கு தண்ணீர் விட்டு அலசினார்.