பாக்டீரியா தாங்காத மரபணு

விவாகரத்தோடு புருஷன் வீட்டு உறவு மொத்தமும் அற்றுப்போயிற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆய்வகத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, அவளைப் பார்த்ததும் வாய் தவறி "அண்ணி" என்றாள். பழைய நாத்தனார்.

ஆய்வகத் தலைவருக்கு இந்த உறவுமுறையெல்லாம் தெரியாது. இருவரையும் ஒரே வேலையில் கோத்துவிட்டார். சமையல் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அதிலுள்ள பசையைக் கரைத்தெடுக்க ஒரு நொதி உண்டு. அந்த நொதிக்கான மரபணுவைப் பூஞ்சையிலிருந்து எடுத்து, பாக்டீரியாவுக்குள் ஏற்றி, நொதியை அதன் கையாலேயே செய்யவைக்க வேண்டும். கணினியில் திட்டம் போடுவது அண்ணி; மேசையில் செய்து பார்ப்பது நாத்தனார். நல்லதாகப் போயிற்று என்று அண்ணி நினைத்தாள். முகம் பார்க்காமலே காரியம் நடக்கும்.

திட்டம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மரபணுவைச் சுமந்துபோகும் பிளாஸ்மிட் என்கிற டி.என்.ஏ. வளையம் திரையில் வண்ண வண்ணமாக விரிந்தது. எங்கே வெட்டுவது, எந்த முனையை எந்த முனையோடு ஒட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கினாள். மரபணு வளையத்துக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஒரு பிழையும் இல்லை என்று மென்பொருள் பச்சைக்கொடி காட்டியது.

ஆனால் வளர்ப்புத் தட்டில் பாக்டீரியா முளைத்ததே பெரிய பாடாக இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்த வெள்ளைப் புள்ளிகளிலும் நொதியின் வாடையே இல்லை. நாத்தனார் மறுபடி செய்தாள். அதே கதைதான். வாரக் கூட்டத்தில் தலைவர் காரணம் கேட்டபோது அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "டிசைன்ல தப்பில்ல. கைலதான் ஏதோ" என்றாள். நாத்தனார், முளைத்தவற்றின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்துவர வெளியே அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

முடிவுகள் வந்ததும் அண்ணி அவற்றைத் தன் திட்டத்தோடு பொருத்திப் பார்த்தாள். ஒட்டிய இடங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. கோளாறு மரபணுவுக்கு உள்ளேதான். ஒன்றில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. இன்னொன்றில் மரபணு பாதியிலேயே நின்றது. வேறொன்றில் நடுத்துண்டையே காணோம். செய்தவள் கை பிசகியிருந்தால் தவறு எங்கு வேண்டுமானாலும் இருந்திருக்கும். இப்படித் தேடிப்பிடித்து மரபணுவை மட்டும் ஊனமாக்கியிருக்காது. அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து நாத்தனாரின் மேசைக்குப் போய், வந்திருப்பதைச் சொன்னாள்.

நாத்தனார் கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டாள். "பாக்டீரியாவோட தோலும் அந்தப் பசை மாதிரி கொழுப்புதானே அண்ணி. நொதி கொஞ்சம் ஊறினாலும் அதோட தோலையே கரைச்சிடும். மரபணு கெட்டுப்போனதுதான் பிழைச்சிருக்கு. சாஃப்ட்வேருக்கு எழுத்துதான் தெரியும். உயிர் தாங்குமான்னு தெரியாது."

"இது முன்னாடியே தோணுச்சா?"

"சந்தேகம் இருந்துச்சு. ஆனா சொன்னா நீங்க காது குடுக்கற மாதிரி இல்ல."

அண்ணி அவளைத் தன் கணினிக்குக் கூட்டிப்போனாள். நாற்காலி ஒன்றை இழுத்துவந்து திரைக்கு முன்னால் போட்டாள். இருவரும் உட்கார்ந்து வேறொரு வளையத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவகைச் சர்க்கரையை ஊற்றினால் மட்டுமே மரபணு வேலை செய்யும்படியான சுவிட்ச் அதில் இருந்தது. அதுவரை பாக்டீரியா தன்பாட்டுக்கு வளரலாம். வெப்பத்தையும் குறைத்து வைப்பது என்று முடிவானது.

இந்தமுறை புள்ளிகள் தட்டு நிறைய முளைத்தன. படித்துவந்த எழுத்துகள் திட்டத்தோடு அச்சு மாறாமல் பொருந்தின. தட்டுகளைக் குளிர்பெட்டியில் அடுக்கும்போது அண்ணி மெதுவாகச் சொன்னாள். "உன் மேல பழி போட்டிருக்கக் கூடாது."

நாத்தனார் மூடியை அழுத்தி மூடினாள். "எங்க வீட்ல எல்லாத்துக்கும் உங்க மேலதான் போட்டாங்க. தப்பு அண்ணன் மேலன்னு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல."

அண்ணி அடுத்த தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

சர்க்கரையை ஊற்றியதும் நொதி ஊறத்தான் செய்தது. ஆனால் பால் திரிந்ததுபோலக் கட்டி கட்டியாகி, எண்ணெயைத் தொடக்கூட லாயக்கில்லாமல் போயிற்று. தலைவர் முகத்தைச் சுளித்தார். இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டியாகாமல் காக்க மரபணுவின் முன்னால் எதை ஒட்டலாம் என்று வாக்குவாதம் செய்துகொண்டே கணினிக்குத் திரும்பினார்கள்.