மூன்று சிவப்பு முட்டைகள்

ரப்பர் பால் வாளியின் அடியில், ஈரத்துணிக்குள், மூன்று முட்டைகள் இருந்தன. சிவப்புச் சாயம் போட்டு அவித்தவை. வேலி வாசலில் பிடிபட்டால் சிறை. அப்புறம் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பிவிடுவார்கள். யுக் மோய் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த மலாயாவில்தான். சீனாவை அவள் கண்ணால் கண்டதில்லை.

சுற்றிலும் முள்வேலி போட்டு அரசாங்கம் அவர்களைக் குடிவைத்த அந்தப் புதுக்கிராமத்தை விட்டு ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளின் வயிற்றுக்குப் போய்விடுமாம். அதனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களை விடியற்காலையில் வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். பெண்களைத் தடவிப் பார்க்கும் வேலை பக்கத்து வீட்டுக் கியாவ் யின்னுக்கு.

யுக் மோயின் புருஷன் சின் லோய் அந்தக் காட்டில்தான் இருந்தான். பெரிய கொள்கைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். காட்டிலிருந்த கூட்டாளிக்கு அரிசி கொடுத்தான், போலீஸ் தேடியது, முந்தின வருஷக் கடைசியில் ஓடிப்போனான். அப்போது அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஆம்பளப் புள்ள பொறந்தா எப்படியாச்சும் சொல்லி அனுப்பு. தவழ்ந்தாவது வந்துருவேன்" என்றான்.

"பொண்ணா பொறந்தா?"

அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

பெண்தான் பிறந்தது. ஒரு மாதம் நிறைந்ததும் வழக்கப்படி அக்கம்பக்கத்துக்குச் சிவப்பு முட்டை கொடுத்தாள். பையன் என்றால் ஒற்றைப்படை, பெண் என்றால் இரட்டைப்படை. முட்டையை எண்ணிப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். வீட்டுக்கு இரண்டு கொடுத்தாள். காட்டுக்கு மட்டும் மூன்று. சரணடைந்தால் உயிருக்குப் பயமில்லை என்று ஆகாய விமானத்திலிருந்து காகிதமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் வராவிட்டால் ஒருநாள் பிணமாகத்தான் வருவான். பிணங்களைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசையாகக் கிடத்தி வைத்திருந்ததை அவளும் பார்த்திருக்கிறாள்.

கியாவ் யின்னின் கை வாளிக்குள் போய் நின்றது. துணியை லேசாக விலக்கினாள்.

"எங்க வீட்டுக்கு ரெண்டுதானேடி குடுத்த?" என்றாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில்.

யுக் மோய் துணியை மறுபடி இழுத்து மூடினாள்.

"அங்க என்ன, ஏன் நிக்குது?" என்று போலீஸ்காரர் அதட்டினார்.

"துணி நாறுது. வேணும்னா நீங்க வந்து மோந்து பாருங்க!" என்றாள் கியாவ் யின். வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்புக்கிடையில் வாளியை யுக் மோயின் கையில் அழுத்தித் திணித்து அவள் காதோரம் சொன்னாள். "பொய் சொல்லிக் கூப்புடுற. கூப்புடு, கூப்புடு. வந்தான்னா எங்க ஆ நாம் எப்படி இருக்கான்னு கேட்டுச் சொல்லு."

ஆ நாம் அவளுடைய தம்பி. அவனும் காட்டில் என்பது ஊருக்கே தெரியும். போலீசுக்குத் தெரிந்திருந்தால் அவளுக்கு இந்த வேலை கிடைத்திருக்காது.

காட்டோரத்து மரப்பொந்தில் வைத்த முட்டைகள் மறுநாள் அங்கே இல்லை. அவன் எடுத்தானா, குரங்கு எடுத்ததா, போலீஸ் எடுத்ததா? போலீஸ் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வெளியே ஓடி வந்து பார்த்தாள்.

லண்டனில் புது ராணிக்கு முடிசூட்டும் நாள் வந்தது. பால்வெட்டுக்கு லீவு. பிள்ளைகளுக்குக் காகிதக் கொடியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கொரியாவில் சண்டை ஓயப்போகிறது என்ற பேச்சில் ரப்பர் விலை படுத்துவிட்டது. உலகத்தில் சமாதானம் வந்தால் இவர்கள் பிழைப்பில் மண். இமயமலை உச்சியில் ஆள் ஏறிவிட்டதாகக் காப்பிக்கடை ரேடியோ சொன்னது.

"அங்க போயி என்ன பண்ணுனானுங்களாம்?"

"என்ன பண்ணுவானுங்க? எறங்கியிருப்பானுங்க."

மத்தியானம் யுக் மோயின் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே சின் லோய் எலும்பும் தோலுமாக இறங்கினான். அவள் வாய்விட்டு அழுதாள். உயிரோடு வந்துவிட்டான், அது போதும் அவளுக்கு. ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள்.

அவன் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துத் துணியை விலக்கினான். மறுபடி மூடினான்.

"மூணு அனுப்புனியே."

"ரெண்டு அனுப்பியிருந்தா வந்திருப்பியா?"

அடிப்பான் என்று நினைத்தாள். அவன் பிள்ளையின் காலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"காலையில போயி சரணடைஞ்சேன். புள்ள மூஞ்சியப் பாக்க விடுங்கன்னு கெஞ்சினேன். மொதல்ல உங்க ஆளுங்க இருக்குற எடத்தச் சொல்லுன்னானுங்க. சொல்லிட்டேன். பட்டாளம் அப்பவே கெளம்பிருச்சு."

"ஆ நாம்?"

"முட்டைய எடுத்தாந்து குடுத்ததே அவன்தான். இது என் மருமவன் முட்டைன்னு ஒண்ணப் புடுங்கித் தின்னான். நான் வரும்போது தூங்கிக்கிட்டு இருந்தான்."

அவனைத் திரும்ப ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. பொழுது சாயும் நேரத்தில் கியாவ் யின் கையில் ஒரு கிண்ணம் கோழிக்கறியோடு ஓடி வந்தாள்.

"வந்துட்டானாமே! கெட்டிக்காரிடி நீ! எங்க ஆ நாம் எப்படி இருக்கானாம்?"

"நல்லா இருக்காராம்க்கா. முட்டை தின்னாராம்."

"திருட்டுப் பய! சின்ன வயசுலேர்ந்தே அடுத்தவன் தட்டுலதான் அவன் கண்ணு." அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அவனையும் இப்படியே வரவச்சிருவோம். என்ன சொல்லிக் கூப்புடலாம்? நீயே ஒரு பொய் சொல்லு."

வெளியே தடதடவென்று சத்தம் எழுந்தது. மறுபடியும்.

"ராணிக்கு வெடி போட ஆரம்பிச்சுட்டானுங்க. வா, பாப்போம்" என்று கியாவ் யின் வாசலுக்குப் போய் டவுன் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே வானத்தில் ஒன்றுமில்லை. சத்தம் முதுகுக்குப் பின்னால், காட்டுப் பக்கமிருந்து வந்தது. அவள் திரும்பி யுக் மோயின் முகத்தைப் பார்த்தாள்.

"எடத்தச் சொல்லிட்டானா?"

ஒரு பொய், ஒரே ஒரு பொய் போதும் என்று யுக் மோய் தவித்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை.