ஹொல்கரின் பத்தொன்பது

தம்பித்துரையரிடம் ஹோம் ரன் பற்றி வாய் கொடுத்தவன் கெட்டான். ஜெர்மனியின் ஹம் நகரத்து லிப்பே பீபர்ஸ் பேஸ்போல் கழகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். பந்தை வேலிக்கு மேலால் அனுப்பியோ, ஒரே அடியில் மைதானத்தின் நாலு மூலையும் ஓடி முடித்தோ எடுப்பதுதான் ஹோம் ரன். அமெரிக்காக்காரர் ரூத் பெரிதா, ஏரன் பெரிதா, பொண்ட்ஸ் பெரிதா என்று இன்றைக்கும் அடிபடுகிறார்கள். ரூத் அடித்தது 714, ஏரன் 755, பொண்ட்ஸ் 762. காலம் வேறு, மைதானம் வேறு, எறிந்தவன் வேறு என்று ஆளுக்கொரு நியாயம். பீபர்ஸ் கழகத்தில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. 1996ஆம் ஆண்டு கழகத்து ஆட்டக்காரர் ஹொல்கர் ஒரே பருவத்தில் அடித்தது பத்தொன்பது. அவருக்குப் பிறகு வந்தவர்களில் ஆகக்கூட அடித்தது பதினெட்டு. பதினெட்டு, பத்தொன்பதை விடக் குறைவு. அவ்வளவுதான் கதை.

அந்தப் பதினெட்டை அடித்தவன் தம்பித்துரையரின் சொந்த மகன் நிதுசன். வெளியாருக்கு இது வேடிக்கை. வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. 2009ஆம் ஆண்டுக் கடைசி ஆட்டத்தில் நிதுசன் ஒன்று அடித்தால் ஹொல்கருக்குச் சமம், இரண்டு அடித்தால் சாதனை. மூன்று தரம் மட்டையோடு வந்தான், மூன்று தரமும் ஆட்டமிழந்தான். கழகம் ஒரே ஒரு ஓட்டத்தால் தோற்று, மேல் பிரிவுக்கு ஏறும் வாய்ப்பும் கைநழுவிப் போனது. அன்று வீட்டுக்கு வந்த பிள்ளையைத் தகப்பன் வாசலிலேயே மறித்தார்.

"ஹொல்கருக்குப் பக்கத்திலை நிக்கவும் உனக்குத் தகுதி இல்லை" என்றார்.

நிதுசன் மட்டையை நிலக்கீழ் அறையில் கொண்டுபோய் வைத்தான். லைப்சிக்குக்குப் படிக்கப் போனவன் அங்கேயே வேலை, கல்யாணம், குழந்தை என்று தங்கிவிட்டான். வருடா வருடம் ஹம் நகரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வருவான். அப்பாவோடு கார் பற்றிக் கதைப்பான், மழை பற்றிக் கதைப்பான். மைதானப் பக்கம் மட்டும் பதினாறு வருடமாக எட்டியும் பார்த்ததில்லை. ரோசக்காரப் பயல் என்று தம்பித்துரையர் நினைத்துக்கொண்டார். தன் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கொப்பியில் உள்ள எண்ணை யார் மாற்றுவது?

அந்தக் கொப்பி அவருடையது. பீபர்ஸ் கழகத்தின் ஸ்கோர் எழுதுபவர் அவர்தான், இருபத்தொன்பது வருடமாக.

இப்போது கழகத்துக்கு நாற்பது வயது. விழா அடுத்த ஞாயிறு. எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஹோம் ரன் வீரர் யார் என்று பித்தளைப் பலகையில் பொறித்துக் கழகச் சுவரில் பூட்டப் போகிறார்கள். பெயரையும் எண்ணையும் இந்தச் சனிக்கிழமை பின்னேரம் கொடுக்கவேண்டும். மகள் யதுசா காப்புறுதி நிறுவனமொன்றில் புள்ளிவிபரம் பார்க்கிறவள். பழைய கொப்பிகளையெல்லாம் கணினியில் ஏற்றி, காலத்துக்குக் காலம் ஒப்பிட்டு ஓர் அட்டவணை செய்து தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள்.

சனி காலை. குசினி மேசை முழுக்கக் கொப்பிகள். மனைவி சந்திரகாந்தி அடுப்படியில் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஹொல்கர் காலத்திலை வேலி தொண்ணூறு மீற்றர். அண்ணா அடிக்கேக்கை நூற்றிநாலு" என்றாள் யதுசா. "ஹொல்கருக்கு அலுமினிய மட்டை. அண்ணாக்கு மரம். அலுமினியத்திலை பட்டால் பந்து தன்ரைபாட்டிலை பறக்கும். இதையெல்லாம் பாக்காமல் என்னெண்டு ஒப்பிடுறது?"

"வேலியை ஹொல்கரே கட்டினவர்? இருந்த வேலிக்கு மேலாலை அடிச்சார். அடிச்சது அடிச்சதுதான்."

"சரி, அதை விடுங்கோ. இதைச் சொல்லுங்கோ. 96ஆம் ஆண்டுக் கொப்பியிலை எரர் எண்ட நிரல் முழுக்க ஏன் பூச்சியமாக் கிடக்கு?"

"எங்கை?"

"முழுக்க. இருபத்திநாலு மட்ச். எதிர்ப்பக்கம் ஒருத்தனும் ஒரு பந்தையும் கைவிடேல்லையோ? எங்கடை பிரிவிலை ஒரு மட்ச்சுக்கு மூண்டு நாலு விழும்."

தம்பித்துரையர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை இழுத்தார். தன் கையெழுத்துத்தான். வடிவான, இளமையான கையெழுத்து. எரர் நிரலில் மணிமணியாகப் பூச்சியங்கள்.

அந்தக் கொப்பி எழுதிய காலத்தை அவர் மறக்கவில்லை. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஹொல்கர் மேற்பார்வையாளர், தம்பித்துரையர் புதிதாகச் சேர்ந்த ஆள். அகதி விண்ணப்பம் மூன்றாம் தரமும் தள்ளுபடியாகி, திருப்பி அனுப்புகிறோம் என்று கடிதம் வந்த கிழமை, ஹொல்கர் அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனார். இந்த ஆள் இல்லாவிட்டால் என் மெஷின் நிற்கும் என்று மேசையில் குத்திக் கதைத்தார். விசா கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியவர் என்று கேள்விப்பட்ட ஹொல்கர், அந்தச் சனிக்கிழமையே மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கையில் கொப்பியைக் கொடுத்தார். இதுவும் மட்டை, பந்து, ஓட்டம்தானே, எழுது என்றார். எழுதினார். முறையாகப் பயிற்சி எடுத்து ஸ்கோரர் அத்தாட்சிப் பத்திரம் வாங்கியது இரண்டு வருடம் கழித்துத்தான்.

"பக்கத்திலை தமிழிலை என்னவோ எழுதியிருக்கிறியள்" என்றாள் யதுசா. தமிழ்ப் பாடசாலையில் சனி தோறும் படித்த எழுத்தை விரலால் தடவித் தடவி வாசித்தாள். "'ஹொல்கர் தரையோடு அடித்தான். இடது பக்கத்தான் குனிந்து கைவிட்டான். பிறகு எடுத்து எறிந்தது மூலைக் காவலனின் தலைக்கு மேலால் போய்விட்டது. ஹொல்கர் நாலு மூலையும் ஓடி முடித்தான். ஹோம் ரன்.'"

அவள் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். அவர் வாய் திறந்தபடி இருந்தது.

கிரிக்கெட்டில் களத்தில் நிற்பவன் பந்தைக் கைவிட்டால் என்ன, கண்டபடி எறிந்தால் என்ன, ஓடிய ஓட்டம் அடித்தவனின் கணக்கில் சேரும். கைவிட்டவன் பெயரை ஸ்கோர் கொப்பி கேட்பதில்லை. பேஸ்போல் அப்படியல்ல. அது ஆளைப் பிடித்து எழுதும். எதிராளியின் கவனக்குறைவால் ஓடி வந்தால் அது எரர். ஓட்டம் கழகத்துக்கு உண்டு, அடித்தவனுக்கு ஹோம் ரன் கிடையாது. எது அடி, எது எரர் என்று தீர்ப்புச் சொல்கிறவன் நடுவர் இல்லை. ஸ்கோர் எழுதுகிறவன்தான்.

யாழ்ப்பாணத்துக் கிரிக்கெட் ஸ்கோரர் முதல் வருடம் முழுக்கக் கிரிக்கெட்டே எழுதியிருக்கிறார்!

"ஐயோ, கடவுளே" என்றார் தம்பித்துரையர்.

"பத்திரம் எடுத்தாப் பிறகும் இதைத் திருப்பிப் பாக்கேல்லையோ?"

"ஏன் பாக்கிறது? பத்தொன்பது எண்டு சுவரிலை எழுதிப்போட்டாங்கள். ஆர் திருப்பிப் பாப்பினம்?"

பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். யதுசா வாசிக்க வாசிக்க அவர் விரல் மடக்கினார். வேலிக்கு மேலால் போனவை பதினொன்று. ஒருவரும் கைவிடாமல், ஹொல்கர் தன் காலால் ஓடியே எடுத்தவை இரண்டு. மிச்சம் ஆறும் எரர். ஒன்றில் எதிரணிக்காரன் பந்தைப் பற்றைக்குள் எறிந்துவிட்டுத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறான். அதையும் ஹோம் ரன் என்று எழுதி, கீழே 'அருமை' என்று வேறு ஒரு சொல்.

பதின்மூன்று. ஹொல்கர் அடித்தது பதின்மூன்று.

பத்தொன்பது என்பது தம்பித்துரையர் அத்தனை பேரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன எண். மகனை வாசலில் மறித்துச் சொன்ன எண். சந்திரகாந்தி மாவுக் கையோடு வந்து நின்று, "என்ன, ஆருக்கும் ஏதுமோ?" என்று பதறினாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே ஹொல்கரின் தோட்டத்துக்குப் போனார். சாதனையைப் பறிக்கிறதென்றால் முகத்துக்கு நேரே சொல்லிப் பறிக்கவேண்டும்.

ஹொல்கர் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தம்பித்துரையர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே, மூச்சு வாங்க வாங்க, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினார். ஹொல்கரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. கையில் பிடித்த குழாய் ஒரே இடத்தில் ஊற்ற, பாத்தி நிறைந்து அவருடைய சப்பாத்து நனைந்தது.

"பதின்மூன்றா?"

"பதின்மூன்று."

"என் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஞாயிறு வருகிறார்கள், தம்பி." தம்பித்துரை என்ற பெயர் வாயில் நுழையாததால் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஒரு கிழமைக்கு முன்னால் வந்து சொல்கிறாயே!"

தம்பித்துரையர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஹொல்கர் குழாயைப் பாத்தியில் போட்டார்.

"உன் மகன் பதினெட்டு" என்றார் ஹொல்கர், மெதுவாக. "மர மட்டையில். பெரிய மைதானத்தில். அவனிடம் சொல்லிவிட்டாயா?"

"இன்னும் இல்லை."

"முதலில் என்னிடமா வந்தாய்?" என்று ஹொல்கர் கத்தினார். பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். "அவனை விட்டுவிட்டு என்னிடமா வந்தாய்? போ! போய்ச் சொல்லு!"

திரும்பி வந்த தம்பித்துரையர் சைக்கிளைப் பூட்டக்கூட இல்லை. குசினிக்குள் வந்து, நின்ற நிலையிலேயே லைப்சிக்குக்கு போன் எடுத்தார். யதுசாவும் சந்திரகாந்தியும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"ஓம் அப்பா, சொல்லுங்கோ. சுகமில்லையோ?" வழக்கமில்லாத நேரத்துப் போன் என்பதால் நிதுசனின் குரலில் பயம் இருந்தது.

"ஹொல்கரின்ரை பத்தொன்பது பொய்யடா. கிரிக்கெட் மாதிரி எழுதி வைச்சிருக்கிறன், விசரன் நான். உண்மையிலை பதின்மூண்டுதான். உன்ரை பதினெட்டுத்தான் கழகத்திலை எல்லாக் காலத்துக்கும் பெரிசு. நீதான் மோனை முதல்!"

போன் அறுந்துவிட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார்.

"பதின்மூண்டோ?" என்றான் நிதுசன் கடைசியில். "அப்ப நான் அந்த வருசம் ஆனி மாதத்திலையே தாண்டிட்டன்."

"ஓம், தாண்டிட்டாய்."

"அப்ப நான் கடைசி மட்ச்சிலை ஆருக்கு விட்டுக்குடுத்தனான், அப்பா?"

தம்பித்துரையருக்கு விளங்கவில்லை. "என்னடா சொல்லுறாய்?"

"முதல்நாள் குசினியிலை அம்மாவுக்குச் சொன்னனீங்கள். 'இவன் நாளைக்கு ஒண்டு ரெண்டு அடிச்சுப்போட்டான் எண்டால் நான் என்னெண்டு ஹொல்கரின்ரை முகத்திலை முழிக்கிறது? அந்த மனுசனாலைதானே நாங்கள் இஞ்சை இருக்கிறம்' எண்டு. நான் படியிலை நிண்டனான்."

தம்பித்துரையர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். போன் குரல் அவளுக்கும் கேட்டிருந்தது. ஓம் என்று அவள் தலையாட்டினாள். அவருக்கோ அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. "அது பகிடிக்குச் சொன்னதாயிருக்குமடா" என்றார்.

யதுசா 2009ஆம் ஆண்டுக் கொப்பியைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தை அவருக்கு முன்னால் விரித்தாள். மட்டையை வீசியும் பந்து படாமல் ஆட்டமிழந்தால் K. வீசாமல் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்று ஆட்டமிழந்தால் K ஐத் திருப்பி எழுதவேண்டும். நிதுசனின் பெயருக்கு நேரே மூன்று K. மூன்றும் திருப்பி எழுதியவை. அவரே எழுதியது, தன் கையால், சட்டம் பிசகாமல். பருவம் முழுக்கப் பதினெட்டு அடித்தவன் மூன்று தரமும் மட்டையை அசைக்கவில்லை என்று எழுதியவருக்கு, ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நான் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளு, மோனை. அந்தக் கோவத்திலைதானே நீ மைதானத்துக்கே வாறேல்லை..."

"அதுக்கில்லை அப்பா." நிதுசன் மூச்சை இழுத்து விட்டான். "மூலையளிலை எங்கடை ஆக்கள் நிக்கேக்கை நான் ஒண்டு அடிச்சிருந்தாலும் அண்டைக்கு நாங்கள் தோத்திருக்கமாட்டம். மேல் பிரிவுக்குப் போயிருப்பம். உடுப்பு மாத்திற அறையிலை அவ்வளவு பேரும் அழுதவங்கள். என்ரை தோளிலை தட்டி, பறவாயில்லை எண்டு எனக்கு ஆறுதல் சொன்னவங்கள். நான் வேணுமெண்டு விட்டனான் எண்டு ஒருத்தனுக்கும் தெரியாது. அவங்களைப் பாக்க ஏலாமல்தான் நான் வாறேல்லை. என்ரை பேரைப் பலகையிலை போடாதேங்கோ."

பதினாறு வருடம். ரோசம் என்று அவர் நினைத்திருந்தது வெட்கம். பிள்ளை அதைத் தனியே சுமந்துகொண்டு தேருக்கு வந்து, மழை பற்றிக் கதைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதுவும் எதற்காக? இல்லாத ஆறு ஹோம் ரன்னுக்காக.

"அப்பா? நிக்கிறியளோ?"

"போனை வையாதை" என்றார். "வையாதை மோனை, நான் நிக்கிறன்."

தம்பித்துரையர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மனைவிக்கும் மகளுக்கும் முன்னால், குசினிக்கு நடுவே நின்று ஓவென்று அழுதார்.