பெயிண்ட் காயும்வரை

சுபிதா வந்து இறங்கியபோது கையில் ஒரு ஒட்டடைக் கம்பும் பிளாஸ்டிக் வாளி ஒன்றும் இருந்தன. மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அந்த நீளக் கம்போடு வந்திருக்கிறாள். கண்டக்டர்தான் பாவம். என் கணவர் ஆன்ட்ரூஸுக்கு ஒரே தங்கை அவள், வாய் அப்படி. வாசலிலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உள்ளே படுத்திருக்கும் அவருக்கும் கேட்கும்படி, "மைனி, ஈஸ்டருக்கு ரெண்டு வாரம் தான் கெடக்கு. வீட்ட ஒண்ணு தூத்துத் தொடச்சு வெடிப்பாக்கணும்" என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

எந்த ஈஸ்டருக்கும் அவள் இங்கே வந்து ஒட்டடை அடித்ததில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஈஸ்டர் தாண்டினா சந்தோசம்" என்றார். நான் அதை என் கணவரிடம், "ஈஸ்டருக்குள்ள எழும்பி நடப்பியளாம்" என்று மாற்றிச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன சின்னப் பொய்களையெல்லாம் கையோடு பிடித்துவிடுகிற மனுஷன், இதை மட்டும் நம்பி, அன்று ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார். அந்தக் கஞ்சிக்காகவே இந்தப் பொய்யைக் கடைசிவரை காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. மச்சில் கிடந்ததையெல்லாம் கீழே இறக்கினோம். ஆடிச் சாரலுக்கு வராந்தாவில் கட்டுகிற நீலத் தார்ப்பாயைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, மறுபடி மடித்து மேலே ஏற்றினோம். முன்னறையிலிருந்த சோபாவையும் ஷோகேசையும் பின்னறைக்குத் தள்ளினோம். பெயர்ந்த சுவரில் சிமென்ட் பூசி வெள்ளை அடித்தோம். அவருக்கு ஒரே குஷி. கட்டிலில் கிடந்தபடியே, "ஃபேன ஆஃப் பண்ணிட்டு தொடைங்க, கைய வெட்டிராம" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். வெல்டர் அல்லவா, பன்னிரண்டு வருஷம் சவூதியில், தமாமில் ஆட்களை மேய்த்த பழக்கம். திரும்பி வந்து திங்கள்சந்தையில் போட்ட பட்டறையை, படுத்த பிறகு அவரிடம் வேலை பழகிய முத்துநாயகம்தான் பார்த்துக்கொள்கிறான்.

முதல் நாள் மத்தியானம் ஒன்று நடந்தது. ஓடாத பழைய மிக்சி ஒன்றைப் பரணிலிருந்து இழுத்த சுபிதா, "இந்த ச..." என்று தொடங்கி, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், "இந்த மிக்சிய வெளிய போடவா மைனி?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் சவம் என்றால் பிணம் மட்டுமல்ல. ஓடாத மிக்சியும் சவம்தான், நேரத்துக்கு வராத பஸ்ஸும் சவம்தான், சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையும் சவம்தான். அந்த வார்த்தை இல்லாமல் சுபிதாவால் குடிக்க ஒரு டம்ளர் வெள்ளம் கேட்க முடியாது. அன்று அவள் அதை விழுங்கிவிட்டாள்.

மறுநாள் சர்ச்சிலிருந்து நேசமணி அக்கா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "ஒரு கை சகாயம் பண்ணிட்டுப் போவலாம்னு வந்தேன் மக்கா" என்று சொல்லித் திரைச்சீலைகளை அள்ளிக்கொண்டு போனாள். துவைத்துவிட்டு வந்தவள், காலியாகக் கிடந்த முன்னறையைச் சுற்றிப் பார்த்து, "இங்கன ஒரு நாப்பது கசேர போடலாம்" என்றாள். சொன்ன பிறகுதான் அத்தனை நாற்காலி எதற்கு என்று அவளுக்கே உறைத்தது. "ஜெபக்கூட்டம் வச்சா சொல்லுதேன்" என்று அவசரமாகச் சேர்த்தாள். சுபிதா சுவரிலிருந்த போட்டோக்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவர் நீலச் சட்டை போட்டுச் சிரிக்கிற ஒன்றை மட்டும் திரும்ப மாட்டவில்லை. அவளுடைய ஹேண்ட்பேக்குக்குள் அது போவதைப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை முத்துநாயகம் பட்டறையிலிருந்து கிரைண்டர் மிஷினோடு வந்தான். "வராந்தா கிரில்ல துரு சொரண்டிப் பெயிண்ட் அடிக்கணும், நான் தான் வரச் சொன்னேன்" என்றாள் சுபிதா. அந்தக் கிரில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் திருடன் பயம் வந்த சமயத்தில் அவரே செய்து மாட்டியது. ஆனை முட்டினாலும் அசையாது என்று பீற்றிக்கொள்வார். கதவுக்கு மட்டும் இரண்டேகால் அடி விட்டார். ஆள் வரலாம், சைக்கிள் வரலாம், அது போதும் என்று கணக்கு. அடுத்த வருஷம் மாமனார் யேசுரத்தினம் இறந்தபோதுதான் கணக்கில் விட்டுப்போனது என்ன என்று தெரிந்தது. பெட்டி நேராக வெளியே போகவில்லை. படியில் வைத்துச் சரித்தார்கள். உள்ளே மாமா ஒரு பக்கமாக உருண்ட சத்தம் முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. சுபிதா அன்று போட்ட அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகும் அவர் அந்தக் கதவைப் பெரிதாக்கவில்லை. அதற்கென்று வெட்டினால் அடுத்த ஆளை நாமே கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும் என்று ஒருநாள் சொன்னார்.

மிஷின் சத்தம் தொடங்கியபோது நான் அவருக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தேன். கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கவனித்தார்.

"ஏட்டி, துரு சொரண்டுகதுன்னா கம்பி பிரஷ்ஷு. இது கட்டிங் வீலு."

"மூலையில ஒரு கம்பி இத்துப்போச்சாம்" என்றேன்.

"நான் போட்ட கம்பியா?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒண்ணு கேக்கட்டா? சுபிதா வந்து மூணு நாளாச்சி. ஒருக்கா சவம்னு சொன்னாளா? நேசமணி அக்கா சொன்னாளா? நீ சொன்னியா?"

நான் ஈரத்துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தேன்.

"வீட்டக் கழுவுகதுக்கு முன்ன எல்லாரும் நாக்கக் கழுவிட்டிய" என்றார் அவர். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் பொய்யை எத்தனை நாளாகச் சுமந்தேனோ, அத்தனை நாளும் அவரும் அதை எனக்காகச் சுமந்திருக்கிறார் என்று தோன்றியபோது எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

எழும்ப வேண்டும் என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலியான முன்னறையை ஒவ்வொரு அடியாகக் கடந்து வராந்தாவுக்கு வந்தார். முத்துநாயகம் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சுபிதா வாளிப் பக்கத்தில் குந்தியிருந்தவள் அப்படியே இருந்தாள்.

"எந்தளவு எடுக்க?" என்று அவனிடம் கேட்டார்.

"மூணடிண்ணே."

"மூணு பத்தாது. படியில திரும்பணும்லா. அப்பாவுக்க பெட்டி அங்கன வச்சு தான் சரிஞ்சுது." கையை நீட்டிச் சாக்பீஸை வாங்கினார். கம்பியின் மேல் விழுந்த கோடு நேராக இருந்தது. நாலடி. ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சரிதான் என்று தலையாட்டினார். "வெட்டுலே இந்தச் சவத்த" என்றார்.

சுபிதா அப்போதுதான் அழுதாள். வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாமாவுக்கு அழுத அதே அலறல்.

சாயந்தரத்துக்குள் ப்ரைமரும் பச்சை எனாமலும் அடித்து முடிந்தது. கட்டிலுக்குத் திரும்பியவர் கஞ்சி வேண்டாம் என்றார். என்னைக் கூப்பிட்டு, "காய ரெண்டு நாளாவும். பெயிண்ட் காயாம ஒருத்தரையும் அந்தவழி விடாத, கேட்டியா? துணியில பட்டா போவாது" என்றார். தொழில்காரன் சொல்கிற சாதாரணப் பேச்சுதான். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தரும் என்றால் அவரும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பங்குனி வெயில் காலை எட்டு மணிக்கே வராந்தாவில் ஏறிவிடும். மறுநாள் விடிந்ததும் விரல் வைத்துப் பார்த்தேன். பச்சை ஒட்டியது. அதற்கடுத்த நாள் காலையில் வைத்தபோது லேசாகத்தான் ஒட்டியது. நேரே மச்சில் ஏறி, கழுவி மடித்து வைத்த நீலத் தார்ப்பாயை இழுத்து வந்து, வெயில் படாதபடி வராந்தா முழுக்கக் கட்டத் தொடங்கினேன்.

"மைனி, மழையா வருது?" என்று கேட்டாள் சுபிதா. நான் ஒரு மூலையில் முடிச்சை இறுக்கினேன். அவள் வந்து மறுமூலையைக் கட்டினாள்.

மத்தியானம் உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. மெலிந்துபோய், இரண்டு தடவை மூச்சு வாங்கி வந்தது.

"ஏட்டி... காஞ்சுதா?"

கிரில்லின் அடிமூலையில், நிழல் அதிகமாக இருக்கிற இடத்தில் விரலை அழுத்தி எடுத்தேன். விரல் சுத்தமாக இருந்தது.

"இல்ல, இன்னும் ஒட்டுகு" என்றேன்.

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. நாலடி இடைவெளியில் தார்ப்பாய் உள்நோக்கி உப்பி, முடிச்சுகளை இழுத்துக்கொண்டு நின்றது.