செம்மல் போட்டுவிட்டுப் போன பல்பு

மழை விட்டிருந்த ஒரு காலையில் பூவிழி வேனின் கதவைத் திறந்தபோது, அடுப்பு மேடைக்கு மேலிருந்த சின்ன பல்பு மினுக்கி மினுக்கி எரிந்துகொண்டிருந்தது. செம்மல் கடைசியாகத் தன் கையால் போட்ட விளக்கு அது. அவன் போனபிறகு ஒருநாளும் அவள் அதை அணைக்கவில்லை.

பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ் என்று அதை ஓடும் வீடாக மாற்றியிருந்தான் அவள் கணவன் செம்மல். கூரையில் சோலார் தகடு. கட்டிலுக்கு அடியில், ஒன்றோடொன்று இணைத்த இரண்டு பெரிய பேட்டரிகள். கதவோரம், அவற்றின் வோல்ட் அளவைக் காட்டும் ஒரு மீட்டர்.

"பன்னெண்டுக்குக் கீழ இறங்க விடாத பூவு. பாதிக்கு மேல பட்டினி போட்டா இதுங்க திரும்ப எழுந்திருக்காது" என்பான்.

நீண்ட பயணத்துக்கு முன் ஒத்திகையாக வைத்திக்குப்பம் கடற்கரைக்குத்தான் போனார்கள். மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா வண்டிப்பா இது, ஐஸ்கிரீம் வண்டியா?"

"வீடும்மா."

"வீடா? அப்போ ஒரு கூறு சங்கரா வாங்கு. வீடுன்னா மீன் நாறணும்."

கன்னியாகுமரிக்குக் கிளம்ப நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் ஒரு சாயங்காலம், அலமாரிக்கு ஸ்க்ரூ முடுக்குவதற்காகப் பல்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

கருமாதி வரைக்கும் விளக்கு அணையக்கூடாது என்று மாமியார் அஞ்சலாட்சி கூடத்தில் அகல் ஏற்றினாள். ஆனால் உயிர் பிரிந்த இடம் கூடம் இல்லை, வேன். அங்கே அகல் வைக்க முடியாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு கிளம்பும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. ஒருமுறை ஊதுபத்தி கொண்டுபோனதற்கே செம்மல் கத்தியிருக்கிறான். அதனால் பூவிழி அவன் போட்ட பல்பையே விளக்காக விட்டுவிட்டாள்.

கருமாதி முடிந்து கூடத்து விளக்கை மலையேற்றினார்கள். வேனில் எரிந்தது யாருக்கும் தெரியாது. அது ஐப்பசி மழைக்காலம். தகட்டின்மேல் வெயிலே படவில்லை. மீட்டர் பன்னிரண்டரைக்கு வந்தது, பன்னிரண்டுக்கு வந்தது, அதற்கும் கீழே போனது. அது பேட்டரியை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். இன்றைக்கு ஒருநாள் எரியட்டும் என்று தினமும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பல்பு மினுக்கிய அந்தக் காலையில்தான் கொழுந்தன் கலைவாணனுக்குப் போன் செய்தாள். அவனுக்குத் தவளக்குப்பத்தில் இன்வெர்ட்டர் கடை. உழவர்கரையில் அவள் வீட்டுக்கு அவன் வந்து சேரும்போது பைக்கின் பின்னால் ஒரு சார்ஜர் கட்டியிருந்தது.

"என் மூத்த அண்ணி எப்படியிருக்காங்க?" என்றான் வேனைத் தட்டி. செம்மல் இருந்தபோது செய்யும் கேலி. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மீட்டரைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்துச் சார்ஜரை மாட்டினான். பல்பு பளிச்சென்று நிமிர்ந்தது. அன்று முழுக்க பூவிழி கட்டிலோரமே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் அவன் சார்ஜரைக் கழற்றியபோது மீட்டர் பன்னிரண்டு புள்ளி எட்டு காட்டியது.

"ஏறிடுச்சு கலை! பாரு, முழுசா ஏறிடுச்சு!"

"கழட்டின உடனே காட்டுறத நம்ப முடியாது அண்ணி. ரெண்டையும் பிரிச்சு, எல்லாத்தையும் கழட்டி, ராத்திரி பூரா சும்மா விடணும். காலையில காட்டுறதுதான் நெசம்."

"எல்லாத்தையுமா?"

"லைட்டையும்தான்."

அவள் குனிந்து, இடப்பக்கத்து பேட்டரியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்குடா. தொட்டுப் பாரு. நல்லா சூடா இருக்கு."

கலைவாணன் தொடவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டான். ஆஸ்பத்திரியில், செம்மலின் மார்பில் கையை வைத்துக்கொண்டு, டாக்டரிடம் அவள் இதே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போது அவளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான்.

அவளுக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ தட்டாத. நான் தட்டுறேன்" என்றாள்.

சுவிட்சு சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். வேனுக்குள் சாயங்காலம் வந்து நிறைந்தது.

காலையில் கலைவாணன் ஒவ்வொன்றாக அளந்தான். வலப்பக்கத்தது பன்னிரண்டு புள்ளி மூன்று. இடப்பக்கத்தது பத்தரை. பூவிழி தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஜில்லென்றிருந்தன.

"இதுதானே நல்லா சூடா இருந்துச்சு?"

"அதனாலதான் அண்ணி. உள்ள ஒரு அறை செத்துப்போச்சுன்னா, கொடுக்குறத சேர்த்து வைக்காது. எல்லாத்தையும் சூடா விட்டுடும்."

"புதுசு ஒண்ணு வாங்கி நல்லதோட சேர்த்துடலாமா?"

"பழசோட புதுசு சேராது. இது மட்டும் தனியா இருக்கட்டும். ஃபிரிட்ஜு ஓடாது. ஒரு ஃபேனு, ஒரு லைட்டு ஓடும். ஒரு ஆளுக்குப் போதும்."

சொல்லிவிட்டு அவன் அவளைப் பார்க்கவில்லை. நல்ல பேட்டரியை மட்டும் மாட்டினான். செத்ததை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, இறங்கும்போது கேட்டான்: "லைட்டு போட்டுப் பாக்குறீங்களா?"

"நீ போ கலை."

கட்டிலுக்கு அடியில், பேட்டரி இருந்த இடத்தில் தூசி படாத ஒரு சதுரம் இருந்தது. பூவிழி சுவிட்சுவரை கையைக் கொண்டுபோனாள். இனி எரிந்தால் அது அவள் போட்ட விளக்கு. கை இறங்கிவிட்டது.

அப்போதுதான் ஜன்னல் திரையில் வெளிச்சம் விழுந்தது. இத்தனை நாள் முகம் காட்டாத வெயில், கூரைத் தகட்டின்மேல் தாராளமாக அடிக்கத் தொடங்கியிருந்தது. மீட்டரில் எண் மெதுவாக ஏறியது. பன்னிரண்டு புள்ளி நான்கு. ஐந்து.

"இப்போ எதுக்கு வர்ற?" என்று வெயிலைப் பார்த்துக் கேட்டாள். தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எண் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.