இதை மட்டும் மொழிபெயர்

ஒடிலியாவும் நானும் அமெரிக்காவில், அர்கன்சா மாநிலத்தில் ஒரு கோழித் தொழிற்சாலையில் அருகருகே நின்று எலும்பு நீக்குகிறவர்கள். அவள் மகள் யரெலி, பதினான்கு வயது, போன வருடம்தான் ஹோண்டுராஸிலிருந்து வந்து சேர்ந்தாள். வீட்டில் வாய் ஓயாது. வகுப்பில் மட்டும் பேசமாட்டாள். ஒருமுறை அவள் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

பள்ளியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை; எங்கள் ஸ்பானிஷ் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. துணை முதல்வர் ஹாட்லி பேசப் பேச, யரெலியே அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சொன்னாள். திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"என்னடி சொல்றாரு?" என்றாள் ஒடிலியா.

"எனக்குப் புத்தி மட்டமாம்மா. தனி வகுப்புல போடணுமாம். நீ கையெழுத்துப் போடணுமாம்."

ஹாட்லி, மேலே சொல் என்று கையசைத்தார். யரெலியின் காதெல்லாம் சிவந்துவிட்டது. தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் அவரிடமே சொன்னாள்: "என்னை மட்டம்னு எங்கம்மாகிட்ட இனியும் நானே சொல்ல மாட்டேன் சார். பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. என் மொழியில பரீட்சை வைங்க. அப்புறம் சொல்லுங்க."

அதற்கெல்லாம் ஆள் இல்லை என்றார் அவர். பேனாவை ஒடிலியா பக்கம் தள்ளினார்.

ஒடிலியா அதைத் தொடவில்லை. "ஆள் வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பேன்னு சொல்லு. இதை மட்டும் மொழிபெயர்."

யரெலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னாள்.

பள்ளி மூடும்போது காவலாளி வந்து எங்களை வெளியே அனுப்பினார். மறுநாள் வேலை முடிந்ததும் ரப்பர் பூட்ஸோடு, கோழி வாடையோடு தொழிற்சாலைத் தாய்மார்கள் பலர் பள்ளி நடைக்கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். நாட்டில் தங்க அனுமதிக் காகிதம் இல்லாத சிலர் பயந்து வரவில்லை. அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. பிள்ளையை வைத்து எங்களோடு பேசக் கூடாது என்பதுதான் எங்கள் ஒரே பேச்சு. தினமும் போனோம்.

அடுத்த வாரம் பள்ளி கூப்பிட்டு, பக்கத்து ஊரிலிருந்து ஸ்பானிஷ் பேசும் புவேர்ட்டோ ரிக்கோக்காரப் பெண் ஒருவர் வந்தார். யரெலிக்கு ஸ்பானிஷில் பரீட்சை வைத்தார். கணக்கில் வகுப்பையே மிஞ்சியிருந்தாள், வரலாற்றில் சுமார். வழக்கமான வகுப்பிலேயே இருக்கட்டும், ஆங்கிலத்துக்கு மட்டும் உதவி போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹாட்லி மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்போது, பிள்ளைக்குச் சளி என்று கூப்பிட்டால்கூட, மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகுதான் வாயைத் திறக்கிறோம்.