சர்க்கரை குறைச்சு

எங்கள் பள்ளியில் மொழிப்பாட ஆசிரியைகளுக்குத் தனி அறை உண்டு. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. மாடிப்படிக்குக் கீழே ஒரு கதவு, ஒரு மேசை, நாலு நாற்காலி, அவ்வளவுதான்.

அரையாண்டுத் தேர்வு முடிகிற நாளில் எங்களுக்கு ஒரு வழக்கம். ஆளுக்கொரு தட்டில் மாவைக் கலந்து, காலையிலேயே கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்கரியில் கொடுத்துவிடுவோம். ரொட்டி வெந்து முடிந்த விறகடுப்பின் மிச்சச் சூட்டில் எங்கள் தட்டுகள் வேகும். எது யாருடையது என்று குழம்பாமலிருக்கப் பெயர் எழுதிய சீட்டும் கூடவே போகும். மூன்று மணிக்கெல்லாம் தட்டுகள் பள்ளிக்கு வந்துவிடும்.

இந்த வருடம் மூன்றே தட்டு. நான்காவது நாற்காலி, எப்போதும் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் உருது ஆசிரியை ஷாகிராவுடையது. அவள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

தட்டுகள் வரும்வரை வழக்கம்போல் தின்பண்டப் பேச்சு ஓடியது.

"அக்டோபர்லயே திராட்சையை ஊறப் போட்டுட்டேன். கேக்னா பிளம் கேக்தான், மத்ததெல்லாம் பன்னு" என்றாள் ஆங்கிலம் எடுக்கும் கயல்.

"பாலுல சேமியா போட்ட எங்க வீட்டு ஷீர் குர்மாவை ஒரு தடவை குடிச்சிட்டு அப்புறம் பேசு" என்றார் இந்தி ஆசிரியை நஸ்ருன்னிசா. பிறகு என் பக்கம் திரும்பி, "தமிழம்மா, உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார். தேவானை என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் ஷாகிரா மட்டும்தான்.

"பாதாம் அல்வா" என்றேன்.

பச்சைப் பொய். எனக்குப் பிடித்தது ஷாகிராவின் தம்ரூட். ரவையும் பாலும் முட்டையும் நெய்யுமாகக் கலந்து அனுப்புவாள், மேலே சிவக்கச் சிவக்க வெந்து வரும். வந்ததும் யாரையும் தொடவிடமாட்டாள். கை சுட்டாலும் பரவாயில்லை என்று ஒரு மூலையைத் தானே பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். அப்புறம்தான் எங்களுக்கு.

போன வருடம் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இது தம்ரூட்டா, சர்க்கரை மூட்டையா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஷாகிரா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மூன்று முறை போன் செய்தாள். சண்டை போடத்தான் கூப்பிடுகிறாள் என்று மூன்று முறையும் துண்டித்தேன். மாலையில் மாரடைப்பு என்று செய்தி வந்தது.

அந்த மூன்று அழைப்புகளை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னைத் திட்டிக்கொண்டே போனாளா? வருடம் முழுக்க இந்த ஒரு கேள்விதான் என்னை அரித்தது.

மெஹபூப் அலி வந்தார். ஆடி மாதத்தில்தான் அந்தப் பேக்கரியை எடுத்து நடத்த ஆரம்பித்தவர், ஷாகிராவைப் பார்த்தே இராதவர். தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். நான்கு இருந்தன.

"நாங்க மூணுதானே குடுத்தோம்?" என்றாள் கயல்.

"இன்னா டீச்சர், நீங்கல்லாம் போனப்புறம் இன்னொரு டீச்சர் வந்து குட்த்துட்டுப் போச்சே. பச்சை துப்பட்டா, கண்ணாடிய கயித்துல மாட்டிக்கினு. 'தேவானைக்கு மூணு தபா போன் போட்டேன், எடுக்கல, நீங்களே சேத்து குட்த்துடுங்க'ன்னுச்சு."

"யா அல்லா" என்று நஸ்ருன்னிசா எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார்.

"யாரோ நம்மகிட்ட விளையாடறாங்க" என்றாள் கயல். ஆனால் அவளும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். மூன்று முறை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

துணியை விலக்கினேன். தம்ரூட். நெய் இன்னும் ஓரத்தில் பொரிந்துகொண்டிருந்தது. ஒரு மூலை இல்லை.

"அத நான் பிக்கல டீச்சர், சத்தியமா. துணி போட்டு மூடறப்போ முழுசாதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மெஹபூப் அலி அவசரமாக வெளியேறிப் போனார்.

தட்டின் கீழே சீட்டு இருந்தது. ஷாகிராவின் சாய்ந்த கையெழுத்து. 'தேவானைக்கு. சர்க்கரை குறைச்சு.'

"சாப்பிடாதீங்க தமிழம்மா" என்றாள் கயல்.

பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. நடுவிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். இனிப்பு அளவாக இருந்தது, எனக்கென்றே அளந்து போட்டதுபோல. திட்டுவதற்கு அவள் கூப்பிடவில்லை. அன்றைக்கே எனக்காகச் சர்க்கரை குறைத்து மறுபடியும் செய்திருக்கிறாள், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் வாய்விட்டு அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது இரண்டாவது மூலையும் இல்லை. பிய்த்த இடத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மற்ற இருவரும் கதவருகிலேயே நின்றார்கள். மேசைப் பக்கம் என்னைத் தவிர யாரும் இல்லை.

தட்டை நான்காவது நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.